கேள்வி பதில்: அதே சிலைதானேன்னு போகாம இருக்காதீங்க

கேள்வி: வெளிநாட்டு மியூசியத்துலல்லாம் சீசனுக்கு சீசன் புது எக்சிபிஷன் வைக்கிறாங்க. நம்ம தஞ்சாவூர் அரண்மனை ஆர்ட் கேலரில எப்பவும் அதே சிலைகள்தானே, திரும்பத் திரும்ப என்னத்தப் பாக்குறது?
- வாசகி, கும்பகோணம்

பதில்: நீங்க கேக்குறது நியாயம்தான்மா, ஒரு சீசனுக்கு ஒரு தலைப்பு எடுத்து நல்லா லைட் போட்டு தமிழ்ல விவரமா எழுதி வெச்சா கூட்டம் தானா வரும், அத நானும் ரொம்ப ஆசையா எதிர்பாக்குறேன். ஆனா அதுவரைக்கும் போகாம இருந்துடாதீங்க. அடுத்த தடவ திருவெண்காட்டு ரிஷபவாகனர் (காளையோட நிக்கிற சிவன்) முன்னாடி மட்டும் பத்து நிமிஷம் நில்லுங்க. ராஜராஜன் காலம், 1011ஆம் வருஷத்து வெண்கலம், மண்ணுக்குள்ள புதைஞ்சு கிடந்து 1950கள்லதான் வெளிய வந்துச்சு. காலை மாத்தி வெச்சு வலது கைய காளை மேல ஊன்றி ஒயிலா நிக்கிறார், காளைதான் இல்ல, ஆனா அந்தக் கை வளைஞ்சிருக்குற விதத்துலயே காளையோட உயரம் உங்களுக்குத் தெரிஞ்சிடும். தலையில ஜடைய தலப்பா மாதிரி சுத்தி அதுக்குள்ள பாம்ப நெளியவிட்டிருக்கான் பாருங்க சிற்பி, அத முன்னாடி நின்னு மட்டும் பாக்காதீங்க, பக்கவாட்டுலயும் போய்ப் பாருங்க. பக்கத்துல அம்பாளும் இருக்காங்க. பசங்களையும் கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, காளை எங்க நின்னிருக்கும்னு அவங்களயே கண்டுபிடிக்கச் சொல்லுங்க.