குரோம் 109-ல் மட்டும் மெனு கலைகிறதா?
தி.நகர் கடையின் விண்டோஸ் 7 கணினியில் மட்டும் உங்கள் வெப்சைட்டின் மெனு கலைகிறது, சோதிக்க உங்கள் கணினியில் பழைய குரோமைப் போட்டால் தானாக அப்டேட் ஆகிவிடுகிறது என்கிறீர்கள். விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்தது குரோம் 109, அதனால் அதே பதிப்பு குரோமியத்தை (குரோமுக்கு அடிப்படையான ஓப்பன் சோர்ஸ் பிரவுசர்) ஜிப்பாக இறக்கித் தனி ஃபோல்டரில் விரித்து ஓட்டுங்கள், அது தன்னை அப்டேட் செய்துகொள்ளாது. டெவ்டூல்ஸில் (பிரவுசரின் டெவலப்பர் கருவிகள்) யூசர் ஏஜென்ட்டை, அதாவது பிரவுசர் தன் பெயரும் பதிப்பும் சொல்லும் வரியை, மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. வாசலில் போர்டு மட்டும்தான் மாறும், உள்ளே சமையல் அதேதான்.

நீங்கள் ஒட்டிய ஸ்டைலைப் பார்த்தால் என் சந்தேகம் சிஎஸ்எஸ் நெஸ்டிங் (ஒரு ஸ்டைல் விதிக்குள் இன்னொன்றை எழுதுவது) மேல், அது குரோம் 112-ல்தான் வந்தது. பில்டில் போஸ்ட்சிஎஸ்எஸ் நெஸ்டிங் ப்ளகினைச் சேருங்கள், அது நெஸ்டிங்கைப் பழைய பிரவுசருக்கும் புரியும் சாதாரண சிஎஸ்எஸ்ஸாக மாற்றிவிடும், சரியாகிவிடும். அப்புறம் ஒருமுறை கடைக்கே போய்ப் பாருங்கள்: விண்டோஸ் 7-ல் நிர்மலா யூஐ ஃபான்ட் கிடையாது, தமிழ் எழுத்து லதா ஃபான்ட்டில் அகலமாக விழுந்து பட்டனைக் கீழே தள்ளும்.