காட்டுத்தீயும் காட்டோர ஊர்களும்: கேள்வி பதில்

கேள்வி: ஊரைச் சுற்றி எத்தனை அடி அகலத்துக்குத் தீத்தடுப்புக் கோடு வெட்டினால் வீடுகள் தப்பும்?

செடியும் சருகும் அகற்றிய அந்தக் கோடு தரையில் ஊர்ந்து வரும் தீயைத்தான் நிறுத்தும். வீடுகளைப் பெரும்பாலும் எரிப்பது காற்றில் பறந்து வரும் கங்கு. ஜாக் கோஹன் என்ற அமெரிக்க ஆய்வாளர், மர உச்சியில் ஓடும் தீக்கு எதிரே மரச்சுவர்களை நிறுத்திச் சோதித்தார். 30 மீட்டர் தள்ளி நின்ற சுவர் அந்த வெப்பத்தில் பற்றவில்லை. ஆனால் கூரை மடிப்பில் கிடக்கும் சருகில் ஒரு கங்கு விழுந்தால் போதும், வீடு போய்விடும். சுவரை ஒட்டி ஐந்து அடிக்கு விறகு, சாக்கு, காய்ந்த செடி எதுவும் இருக்கக் கூடாது.

கேள்வி: மலைச்சரிவின் மேலே வீடு இருந்தால் ஆபத்து குறைவா?

அதிகம். தீ மேடேறும்போதுதான் பாயும். சரிவு 10 பாகை கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

கேள்வி: தீத்தடுப்புக் கோட்டின் அகலத்தை 10 மீட்டராக்கினால்?

கங்கு அதையும் தாண்டும். கூரையில் கிடக்கும் சருகைக் கூட்டித் தள்ளுங்கள்.

கேள்வி: கோடைக்கு முன்பே பெரியவர்கள் சருகை எரித்துவிடுவார்கள். இப்போது தடை. யார் சொல்வது சரி?

பெரியவர்களிடம் அறிவு இருக்கிறது. கர்நாடகத்தின் பிலிகிரிரங்கன் மலையில் வாழும் சோலிகர் பழங்குடியினர் முன்பெல்லாம் ஆண்டுத் தொடக்கத்தில் தரைச் சருகை மட்டும் எரிய விடுவார்கள். தீ தாழ்வாகவே போய் அணைந்துவிடும். அதைத் தடுத்த பிறகு உண்ணிச்செடி (லாண்டானா) ஆளுயரத்துக்கு மண்டிவிட்டது என்கிறார்கள். அது காய்ந்தால், தீ மரத்தில் ஏற ஏணி மாதிரி. வட ஆஸ்திரேலியப் பழங்குடிகளும் வறண்ட பருவம் முற்றுவதற்குள் துண்டு துண்டாக எரித்துவிடுகிறார்கள்.

கேள்வி: ஐயா, இதை ஏற்க முடியாது. காட்டுத்தீயில் பெரும்பகுதி மனிதர் வைப்பதுதானே?

உண்மைதான். ஆனால் புல் முளைக்கட்டும் என்று உச்சிவெயிலில் பற்றவைத்துவிட்டு வீட்டுக்குப் போகிறவரும், பனி ஈரம் பார்த்து நாலு பேரோடு நின்று எரிப்பவரும் ஒன்றல்ல. தனியாளாக யாரும் வைக்காதீர்கள். வனத்துறை அனுமதி கட்டாயம்.

கேள்வி: எரித்தால் முளைவிடும் கன்றுகளும் அழிந்துவிடுமே?

அங்கே நீங்கள் சொல்வது சரி. ஒரே இடத்தை ஆண்டுதோறும் எரித்தால் கன்று தலையெடுக்காது. மலை உயரத்தில் என்றும் பசுமையாக இருக்கும் சோலைக்காட்டில் தீயே கூடாது. நான் பேசுவது இலையுதிர் காடு பற்றி. அங்கேயும் எந்தத் துண்டை எரிப்பது, எதை விடுவது என்று ஊரும் துறையும் சேர்ந்துதான் முடிவெடுக்க வேண்டும்.

கேள்வி: புகைக்கு ஈரத்துணி போதுமா?

போதாது, நுண்துகள் உள்ளே போகும். என்95 முகக்கவசம் வாங்கி வையுங்கள்.

கேள்வி: தீக்கோடு எத்தனை அடி?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: தீ வந்தால் வீட்டிலேயே நின்று அணைக்கலாமா, ஓடிவிடலாமா?

2009 பிப்ரவரி 7 அன்று ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் 173 பேர் இறந்தார்கள், பலர் வீட்டுக்குள்ளேயே. 2017 ஜூனில் போர்ச்சுகலின் பெட்ரோகாவ் கிராண்டியில் பலர் கடைசி நேரத்தில் காரில் கிளம்பிச் சாலையிலேயே கருகினார்கள். அப்புறம்தான் அங்கே ஊருக்கு ஒரு பொறுப்பாளர், தங்க ஓர் இடம் என்று ஏற்பாடு வந்தது. தீயைக் கண்ட பிறகு யோசித்தால் தாமதம். யார் சொன்னால் கிளம்புவது, எந்த வழி, நடக்க முடியாதவர்களை யார் அழைத்துப்போவது என்பதையெல்லாம் கோடைக்கு முன்பே ஊர் கூடிப் பேசி வையுங்கள்.

கேள்வி: எரிந்த வீட்டுக்கு இழப்பீடு?

என் துறை இல்லை. வருவாய்த்துறையில் கேளுங்கள்.