மகள் தவளை ஆராய்ச்சி என்கிறாள், அனுப்பலாமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் எடுத்த மகள், விலங்கியல் படித்து மலைக்காட்டில் தவளைகளை ஆராயப் போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள், இது சோறு போடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும். கொஞ்சம் தாமதமாகப் போடும். அதைத் தெரிந்துகொண்டே அனுப்புங்கள்.

2017-இல் டெல்லி பல்கலைக்கழகக் குழு ஒன்று, மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏழு புதிய இரவுத் தவளை இனங்களை அறிவித்தது. அதில் நான்கு இனங்கள் 12 முதல் 15 மில்லிமீட்டர்தான்; கட்டைவிரல் நகத்தில் உட்கார்ந்துவிடும். அந்த இடங்களில் அவை நிறையவே இருந்தன. உருவம் சிறிது, குரலும் பூச்சி கத்துவது போல. அதனால்தான் இத்தனை காலம் யார் கண்ணிலும் படவில்லை போலும். இதைத் தன் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்தவர் சோனாலி கர்க் என்ற மாணவி. "பெண் பிள்ளை ராத்திரியில் காட்டுக்குள் போவதா?" என்ற உங்கள் கவலைக்காகவே இதைச் சொல்கிறேன். வனத்துறை அனுமதியோடு, வழி தெரிந்த ஆட்களோடு, குழுவாகத்தான் போவார்கள். மழையும் அட்டைக்கடியும் இருக்கும், அதற்கு அவள் தயாராக வேண்டும்.

காட்டைவிட ஆய்வகத்தில்தான் அதிக நாள் கழியும் என்பதை மகளிடம் சொல்லுங்கள். குரலைப் பதிவு செய்ய வேண்டும், உடலை அளக்க வேண்டும், டி.என்.ஏ.வைப் படிக்க வேண்டும், அருங்காட்சியகத்துப் பழைய மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். வயநாடு பக்கம் குறிச்சியர்மலையில் 2010-இல் கிடைத்த, உடலெங்கும் நட்சத்திரம் போலப் புள்ளிகள் கொண்ட ஒரு தவளை, 2019-இல்தான் புதிய இனமாக வெளியானது. அந்தப் பொறுமை அவளுக்கு உண்டா என்பதுதான் என் கேள்வி. மதிப்பெண் அப்புறம்தான்.

சரி, படிப்பு. இளங்கலையில் சாதாரண விலங்கியலே போதும். 'வனவிலங்கு' என்று பெயர் வைத்து லட்சக்கணக்கில் கட்டணம் கேட்கும் இடங்களுக்குப் போக வேண்டாம். மத்திய அரசின் அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களான ஐசர்களில் சேர்வதற்கான நுழைவுத் தேர்வையும் எழுதட்டும். முதுகலைக்கு மயிலாடுதுறை ஏ.வி.சி. கல்லூரியிலும் ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும் வனவிலங்கு உயிரியல் உண்டு. டேராடூன் வனவிலங்கு நிறுவனம் இன்னும் பெரிய வாய்ப்பு, போட்டியும் அதிகம். பிறகு நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில், ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வாளர் தகுதி கிடைத்தால், 2023-இல் உயர்த்திய கணக்குப்படி மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு பி.எச்டி. செய்யலாம். அதுவரை திட்ட உதவியாளர் வேலைகள்தான். சம்பளம் குறைவு, ஒப்பந்தமும் குறுகியது. நிரந்தர வேலைக்கு முப்பது வயதைத் தாண்டலாம். அதுவரை வீட்டுக்குப் பணம் அனுப்பு என்று அவளை நெருக்காமல் இருக்க முடியுமா என்று நீங்களும் அவள் அப்பாவும் உட்கார்ந்து பேசுங்கள்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யச் சொல்லுங்கள்: இளங்கலையிலேயே புள்ளியியலும் டி.என்.ஏ. ஆய்வு முறைகளும் கற்றுக்கொள்ளட்டும். தவளை வேலை கிடைக்காமல் போனாலும் மருத்துவ, வேளாண் ஆய்வகங்களில் அந்தத் திறமைக்கு இடம் உண்டு.

அவளுடைய கணித மதிப்பெண்ணை நீங்கள் எழுதவில்லை. அதையும் அனுப்புங்கள், எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.