'இடம் வெறும் பின்னணிதானே?': ஸ்டைன்பெக் கட்டுரைக்கு ஒரு யோசனை

அமெரிக்க எழுத்தாளர் ஸ்டைன்பெக்கின் 'தி கிரிஸாந்தமம்ஸ்' (சாமந்திப் பூக்கள், 1937) சிறுகதை பற்றி எழுதிய கட்டுரையை, "இயற்கை வர்ணனையைத்தான் எழுதியிருக்கிறாய், எலிசா எங்கே?" என்று பேராசிரியர் திருப்பித் தந்துவிட்டார் என்கிறீர்கள். எலிசாதான் கதையின் நாயகி; அவர் கேட்டது நியாயம்தான்.

முதல் பத்தியை மறுபடி படியுங்கள். டிசம்பர் மாதம், கலிஃபோர்னியாவின் சலினாஸ் பள்ளத்தாக்கு. மேலே கவிந்த மூடுபனி அதை மூடி போட்ட பானையாக்கிவிடுகிறது. எலிசாவின் வாழ்க்கையும் அப்படித்தான். அதிலும் அவளுக்கென்று இருப்பது கம்பிவேலி போட்ட ஒரு பூந்தோட்டம் மட்டுமே. கணவன் மாடு விற்கும் பேச்சு வேலிக்கு வெளியே நடக்கிறது.

அப்புறம் அந்த நாடோடி. ஓட்டைப் பாத்திரம் அடைப்பவன், சாலையில் வருகிறவன். வேலிமேல் சாய்ந்து பேசுகிறான். அவள் கையுறையைக் கழற்றுகிறாள், தொப்பியைக் கழற்றுகிறாள், அவனை உள்ளேயும் விடுகிறாள். எனக்குக் கதையே இங்கேதான் இருக்கிறது. அவள் ஆசையாகத் தொட்டியில் வைத்துக் கொடுத்தனுப்பிய சாமந்திச் செடிகளைச் சாலையில் கொட்டிவிட்டு, தொட்டியை மட்டும் அவன் வைத்துக்கொள்கிறான்.

பள்ளத்தாக்கு, வேலி, சாலை: இந்த மூன்றில் எங்கே நிற்கும்போது எலிசா எப்படி மாறுகிறாள் என்று பாருங்கள். கட்டுரையை அங்கிருந்து தொடங்கலாம். மலை வர்ணனையெல்லாம் இரண்டு வரி போதும்.