வாசகர் கேள்வி – பதில்: சிக்கலைச் சொல்ல ஓர் இடம்

கேள்வி: தேயிலைத் தோட்ட மக்களிடையே பணிபுரியும் ஏழு அமைப்புகளின் வெளிக்கள உத்தியோகத்தர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற நோக்கத்துடன், கடந்த ஆண்டு ஹட்டனில் மாதாந்தக் கூட்டமொன்றை ஆரம்பித்தோம். முதற்கூட்டத்துக்கு 30 பேர் வந்தார்கள். இப்போது 8 பேர் வருவதே பெரிய காரியமாக இருக்கிறது. ஒவ்வோர் அமைப்பும் தன் செயற்றிட்டத்தைப் படங்களுடன் விளக்குகிறது. நல்ல வளவாளர்களையும் அழைக்கிறோம். குறை எங்கே இருக்கிறது?
— வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர், பொகவந்தலாவை

பதில்: அந்த விளக்கவுரைகளில்தான் குறை இருக்கிறது என்று நினைக்கிறேன். தன் அமைப்பின் பெயரால் எழுந்து பேசுகிறவர், நடந்தவற்றுள் நல்லதை மட்டுமே சொல்லக் கடமைப்பட்டவராகிவிடுகிறார். கேட்பவர் தன் தோட்டத்துக்கு எடுத்துச் செல்ல அதில் எதுவும் மிஞ்சுவதில்லை. கடைசி பஸ்ஸைப் பிடித்து வீடு திரும்ப வேண்டிய ஒருவர் அதற்காக ஒரு முழு நாளை எத்தனை மாதம் செலவிடுவார்?

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஒழுங்குசெய்த கூட்டமொன்றில் நடந்ததைச் சொல்கிறேன். மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிள்ளைக்காம்பராவை, அதாவது வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளுக்கான காப்பகத்தை, பார்த்துக்கொள்ளும் பெண் ஒருவர், மடியில் கொப்பியொன்றை வைத்துக்கொண்டு, இரண்டு கூட்டங்களாகப் பின்வரிசையில் பேசாமல் இருந்தார். மூன்றாவது கூட்டத்தின் தேநீர் வேளையில், தாய்மாருக்கான போசாக்கு வகுப்புக்கு யாருமே வருவதில்லை என்று பக்கத்திலிருந்தவரிடம் தாழ்ந்த குரலில் சொல்லி, கொப்பியைத் திறந்து காட்டினார். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் குறிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றின் கீழும் இரண்டு மூன்று பெயர்கள். புசல்லாவையிலிருந்து வந்திருந்த அந்தப் பக்கத்து இருக்கைக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "ஞாயிற்றுக்கிழமையில் உங்கள் தோட்டத்தில் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கிறார்களா, அக்கா?" கொழுந்து மிகுந்த மாதங்களில் தாய்மார் அன்றும் மலைக்குப் போவார்கள் என்பது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நாளைக் குறித்தது தலைமை அலுவலகம் என்பதால், அதை மாற்றிக் கேட்கலாம் என்பதே அவருக்குத் தோன்றியிருக்கவில்லை. அடுத்த மாதம், தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வரும் மாலை நேரத்தில், பிள்ளைக்காம்பரா வாசலிலேயே வகுப்பு நடந்தது. அன்றுமுதல் தேநீர் வேளையில் நடந்ததையே கூட்டமாக்க முயன்றுவருகிறேன்.

இதற்கு முன்னோடிகள் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரித்தானிய நிலக்கரிச் சுரங்கத் துறையில் பணியாற்றிய ரெக் ரெவன்ஸ், சுரங்க முகாமையாளர்களைச் சிறு குழுக்களாகச் சேர்த்து, ஒருவருடைய தீராத சிக்கலை மற்றவர்கள் கேள்வி கேட்டே தெளிவாக்கும் முறையை வளர்த்தெடுத்தார். லைபீரியத் தையற்காரர்கள் முதலானோர் தொழில் பழகும் விதத்தை எடுத்துக்கொண்டு, கற்றல் பற்றி ஆராய்ந்த ஜீன் லேவும் எட்டியென் வெங்கரும் 1991 இல் எழுதியதும் இதற்கு நெருக்கமானதே: தொழில் செய்வோர் நடுவே ஓர் ஓரத்தில் இடம்பிடித்து, மெல்ல மெல்ல உள்ளே வருவதுதான் கற்றல். நம் மலைகளில் இதைத் தினமும் பார்க்கிறோம். புதிதாகத் தோட்ட வேலைக்குப் பேர் பதிந்த பிள்ளை, எதைக் கிள்ளுவது, எதை விடுவது என்பதைப் பக்கத்து நிரையில் நிற்கும் அத்தையின் விரலைப் பார்த்துத்தான் பழகுகிறாள்.

ஆகவே விளக்கவுரைகளை நிறுத்திவிடுங்கள். கூட்டத்துக்கு இருவர், ஆளுக்கொரு தீராத சிக்கலுடன் வரட்டும். வந்தவர் பத்து நிமிடம் சொல்லட்டும். அடுத்த இருபது நிமிடம் மற்றவர்கள் கேள்வி மட்டுமே கேட்கட்டும். ஆலோசனை அதற்குப் பிறகு. தோட்டத்துக்குள்ளேயே இருந்து வேலை செய்பவர் முதலில் பேசுவதையும், இணைப்பாளர்கள் கடைசியில் பேசுவதையும் கூட்டத்தை நடத்துபவர் கண்டிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலதிகாரி இருக்கும் அறையில் தோல்வியைச் சொல்ல யாருக்கும் வாய் வராது. சில கூட்டங்களுக்கு மேலதிகாரிகள் வராமலிருப்பதே பெரிய உதவி. சென்ற முறை சிக்கலைச் சொன்னவர் பிறகு என்ன செய்தார், என்ன ஆயிற்று என்று கேட்பதே ஒவ்வொரு கூட்டத்தின் முதல் வேலையாக இருக்கட்டும். இது தவறினால் மற்றவை எல்லாம் வீண். பஸ் கட்டணத்தை அமைப்புகள் கொடுக்க வேண்டும் என்பதையும் கூச்சப்படாமல் கேளுங்கள்.

கேள்வி: பதுளை மாவட்டத்தில் இருக்கும் எங்களுக்கு ஹட்டன் தூரம். நுவரெலியா மாவட்டத்தவருடன் சேர்வதால் எங்களுக்கு என்ன பயன்?
— வாசகி ஒருவர், ஹாலி எல

பதில்: மழையை வைத்தே சொல்லலாம். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை மேற்குச் சரிவை நனைக்கிறது; உங்கள் ஊவாச் சரிவுக்குப் பெருமழை ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை. உங்கள் மாவட்டத்து மீரியபெத்தைத் தோட்டத்தில் மண் சரிந்தது 2014 ஒக்டோபர் 29 இல். மேற்குச் சரிவின் வட்டவளைப் பக்கத்தில் ஜூன் மாதம் லயன் வரிசை வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்ற நேர்ந்தால், வயோதிபர்களை யார் தூக்கிச் சென்றார்கள், பாடசாலைச் சாவி யாரிடம் இருந்தது, எச்சரிக்கை தமிழில் எத்தனை மணிக்குக் கிடைத்தது என்ற விபரங்கள் செப்டெம்பர் முதல் வாரத்தில் உங்கள் கைக்கு வரட்டும். உங்கள் மழைக்கு முன் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய அப்போதும் நாள் இருக்கும். அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியதை ஏப்ரலில் சொல்லுங்கள். ஆண்டுக்கு இந்த இரண்டு முறை நேரில் சந்தித்தால் போதும்.

சட்ட விடயங்களிலும் இதே பயன் உண்டு. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை சேவை செய்யத் தடையாக இருந்தது. 2018 இல் அது திருத்தப்பட்டது. ஒரு தோட்டத்துப் பாதைக்காக எழுதிய கடிதம் சபையில் எப்படித் தீர்மானமாயிற்று என்று தெரிந்தவர், அதன் பிரதியை உங்களுக்கும் தரலாம்.

கேள்வி: எங்கள் வட்ஸ்அப் குழுவில் காலை வணக்கப் படங்களே நிறைகின்றன. குழுவில் இரண்டு சிங்கள உத்தியோகத்தர்களும் இருக்கிறார்கள். என்ன செய்யலாம்?
— வாசகர் ஒருவர், தலவாக்கலை

பதில்: வணக்கம் சொல்பவர்களைக் கண்டிக்காதீர்கள், அதற்கென்று வேறொரு குழுவை அமைத்துக் கொடுங்கள். இந்தக் குழுவில் திங்கட்கிழமை ஒருவருடைய கேள்வி ஒன்று மட்டும் வரட்டும். வாரப் பொறுப்பாளர் வந்த பதில்களைத் தொகுத்து, வெள்ளிக்கிழமை மூன்று நிமிடக் குரல் பதிவாக அனுப்பட்டும். மலையில் நடந்துகொண்டே கேட்க அதுவே வசதி. சிங்கள நண்பர்களுக்காக அதே தொகுப்பை இன்னொருவர் சிங்களத்திலும் சொல்லட்டும். தோட்டத்தில் வளர்ந்த உத்தியோகத்தர்களில் அப்படிச் சொல்லக்கூடியவர் ஒருவராவது உங்களிடையே நிச்சயம் இருப்பார்.