ஏரிச் சேற்றில் பூச்சித் தலைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஏரி அடிச்சேற்றில் கிடைக்கும் பூச்சித் தலைகளை வைத்து அந்தக் காலத்து வெப்பநிலையைச் சொல்கிறார்களாமே, எப்படி? (பிளஸ் டூ மாணவி, திருச்சி)

பதில்: கைரோனோமிட் என்னும், கொசுவைப் போலிருக்கும் கடிக்காத பூச்சியினம்தான் இதற்கு அதிகம் பயன்படுகிறது. வண்ணமீன் கடைகளில் ‘பிளட்வார்ம்’ என்று விற்கும் சிவப்புப் புழு இதன் இளம்பருவம். தோலுரிக்கும்போதெல்லாம் இது தலை ஓட்டையும் கழற்றிவிடும். ஓடு கைட்டின் என்னும் கெட்டியான பொருளால் ஆனது; ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேற்றில் மட்காமல் கிடக்கும்.

கைட்டினில் உள்ள ஆக்சிஜனின் ஐசோடோப்புகளில் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களில்) கனமான 18க்கும் லேசான 16க்கும் உள்ள விகிதத்தைத்தான் அளக்கிறார்கள். குளிர்ந்த காலத்து மழையிலும் பனியிலும் 18 குறைவு. மித, உயர் அட்சப் பகுதிகளில் வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் இந்த விகிதம் ஆயிரத்தில் சுமார் 0.7 பங்கு மாறும் என்று 1964இல் டென்மார்க் விஞ்ஞானி டான்ஸ்கார்ட் காட்டினார். மழைநீர் ஏரிக்கு வருகிறது, ஏரி நீர் புழுவின் உடம்பில் சேர்கிறது. ஆய்வகத்தில் வளர்த்துப் பார்த்ததில் புழுவின் ஆக்சிஜனில் சுமார் 70 சதவீதம் நீரிலிருந்தும் மீதி உணவிலிருந்தும் வருவது தெரிந்தது. ஹைட்ரஜனில் நீரின் பங்கு 30 சதவீதம்தான். அதனால் ஹைட்ரஜனை மட்டும் வைத்து முடிவு சொன்னால் நம்பாதீர்கள்.

கேள்வி: தலைகளைப் பிரித்தெடுப்பது எப்படி? எத்தனை வேண்டும்? எங்கே கெடும்? (புவியமைப்பியல் ஆய்வு மாணவர், சேலம்)

பதில்: ஈரச் சேற்றை 10 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் அறை வெப்பநிலையில் ஊறவிட்டு, கட்டிகள் உடைந்ததும் 100 மைக்ரான் சல்லடையில் தண்ணீர் விட்டு அலசுங்கள். சீக்கிரம் முடியட்டும் என்று கொதிக்க வைக்காதீர்கள். சூடான காரம் கைட்டினையே தாக்கி ஐசோடோப்பு மதிப்பை நகர்த்திவிடும். பிறகு நுண்ணோக்கியின் கீழ் ஊசிமுனை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். கண்ணும் கழுத்தும் வலிக்கிற வேலை இதுதான்.

ஒரு அளவீட்டுக்கு 100 மைக்ரோகிராம் அளவில் கைட்டின் தேவை. பெரிய தலைகளானாலும் நூறு அளவில் பொறுக்க வேண்டியிருக்கும். சிறியவையானால் இன்னும் அதிகம். சேறு போதாதென்று அடுத்தடுத்த அடுக்குகளைச் சேர்த்தால் காலத் துல்லியம் போய்விடும். தலையின் உட்குழியில் சுண்ணாம்புத் துகளோ மணலோ ஒட்டியிருந்தால் அவற்றின் ஆக்சிஜனும் கணக்கில் ஏறும். சுண்ணாம்பு உள்ள ஏரியானால் மிதமான அமிலத்தில் அதைக் கரைத்து, நன்றாகக் கழுவிவிடுங்கள்.

எடை போட வெள்ளிக் குப்பிதான். தகரம் ஆக்சைடாகி ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். கைட்டின் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் மாதிரியை உலர்த்தி, ஈரம் படாமல் வையுங்கள். பிறகு சுமார் 1,400 டிகிரியில் கார்பனோடு சிதைத்து, வரும் கார்பன் மோனாக்சைடை நிறை நிறமாலைமானிக்கு (எடைவாரியாகப் பிரித்து அளக்கும் கருவிக்கு) அனுப்புவார்கள்.

கேள்வி: ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் இதைச் செய்யலாமா? (வாசகர், தேனி)

பதில்: பெரிய பலன் இருக்காது. இரண்டும் வெட்டிய ஏரிகள். ஊட்டி 1820களிலும் கொடைக்கானல் 1863லும் உருவானவை. அடியில் இருநூறு ஆண்டுச் சேறுதான் இருக்கும். அதைவிடப் பெரிய தடை மழை. வெப்பமண்டலத்தில் 18இன் அளவைத் தீர்மானிப்பது வெப்பநிலையைவிட மழையின் அளவுதான். கனமழை பெய்தால் 18 குறையும். நீர் வெளியேறாத ஏரியானால் ஆவியாதலில் 16 முந்திப் போய், நீரில் 18 கூடி, வெப்பம் ஏறியதுபோல் காட்டும். அதைக் கண்டுபிடிக்க இன்றைய ஏரி நீரின் ஹைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டையும் அளந்து, 1961இல் அமெரிக்க விஞ்ஞானி கிரெய்க் வகுத்த மழைநீர்க் கோட்டோடு (ஹைட்ரஜன் மதிப்பு = 8 × ஆக்சிஜன் மதிப்பு + 10; மதிப்பு என்பது தர நீரிலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகல் என்பது) ஒப்பிட வேண்டும். கோட்டுக்குக் கீழே விலகினால் ஆவியாதல் புகுந்துவிட்டது என்று பொருள். வடிகால் உள்ள, பனியாற்று நீர் கலக்காத கிரீன்லாந்து ஏரிகளைத் தேடிப் போவது இதனால்தான்.

நீலகிரியின் பழைய காலநிலைக்குக் கரிச்சேற்றுச் சதுப்புகள் இருக்கின்றன. சூழலியலாளர் சுகுமார் குழுவினர் 1993இல் அந்தச் சேற்றின் கார்பன் ஐசோடோப்பைக் கொண்டு, சோலை மரங்கள் மிகுந்த ஈரக் காலங்களையும் வெப்பமண்டலப் புற்கள் மிகுந்த வறண்ட காலங்களையும் பிரித்துக் காட்டினார்கள். மரங்களின் கார்பன்-13 மதிப்பு (பொதுத் தரத்திலிருந்து ஆயிரத்துக்கு எவ்வளவு விலகல் என்பது) சுமார் மைனஸ் 27, அந்தப் புற்களுடையது சுமார் மைனஸ் 13. இடைவெளி இவ்வளவு பெரிது என்பதால் பூச்சித் தலை பொறுக்காமலே வேலை நடந்துவிடும்.