பகல் பராமரிப்பு மையம்: நீங்கள் கேட்டவையும் என் பதில்களும்

முதியவர்களையும் குறைபாடு உள்ள பெரியவர்களையும் பகலில் பார்த்துக்கொள்ளும் பகல் பராமரிப்பு மையங்களில் நான் 14 வருடம் வேலை பார்த்தவள். முதலில் உதவியாளர், அப்புறம் பொறுப்பாளர். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: அக்கா, இதுவும் முதியோர் இல்லமும் ஒன்றுதானா? வீட்டில் அப்படிச் சொல்லித்தான் சண்டை.

இல்லை. காலையில் போய் மாலையில் வீடு திரும்புகிற இடம் இது. ராத்திரி தங்கல் கிடையாது.

கேள்வி: பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவுக்கு ஒரு கை வரவில்லை. தினமும் இன்சுலின் வேறு. எந்த மையம் சரிப்படும்?

பெயர்ப் பலகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். பேச்சுத் துணை, விளையாட்டு, சாப்பாடு என்று பொழுது போக்குகிற மையங்கள் உண்டு. நர்ஸ் இருந்து மருந்து கொடுத்து, பிசியோதெரபியும் தருகிறவை உண்டு. மறதி நோய்க்கென்றே நடத்தப்படுபவையும் உண்டு. உங்கள் அப்பாவுக்கு இரண்டாவது வகை.

“நர்ஸ் இருக்கிறார்” என்பார்கள். எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்று கேளுங்கள். இன்சுலின் போட்டபின் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கும். வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். பக்கவாதம் வந்தவர் குழறினால் ‘இவர் எப்போதும் இப்படித்தான்’ என்று விட்டுவிடுகிற ஆபத்து உண்டு. அதனால் அப்பாவின் வழக்கமான பேச்சு எப்படி இருக்கும் என்பதை முதல் நாளே எழுதிக் கொடுங்கள். விழுங்கும்போது புரையேறுமா என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு மறதி நோய். மையத்தைப் பார்க்கப் போகிறேன். எதைக் கவனிக்க?

காலை 10 மணிக்குப் போகாதீர்கள். அந்த நேரத்தில் எல்லா மையமும் அழகாகத்தான் இருக்கும். பாட்டு, கைதட்டல், எல்லாம் நடக்கும். பிற்பகல் 3 மணிக்குப் போங்கள். சாப்பிட்ட மயக்கம், ஊழியர்களுக்கும் அசதி. மறதி நோய் உள்ள பலருக்குச் சாயங்காலம் நெருங்க நெருங்க பதற்றம் கூடும். “வீட்டுக்குப் போகணும்” என்று எழுந்து நிற்பார்கள். அப்போது ஊழியர் “உட்காருங்கம்மா” என்று அதட்டுகிறாரா, கையைப் பிடித்து நாலு தப்படி கூட நடக்கிறாரா? எனக்கு அது ஒன்றே பாதி பதில்.

மீதிப் பாதி கழிப்பறை. வாடை, ஈரத் தரை, கைப்பிடிக் கம்பி மட்டுமல்ல. கேட்டால்தான் கூட்டிப் போகிறார்களா, நேரம் வைத்துத் தாங்களே கூட்டிப் போகிறார்களா? மறதி நோயில் கேட்கவே தோன்றாது. ஈரத்தோடு உட்கார்ந்திருப்பார்கள்.

ஆள் கணக்கும் கேளுங்கள். ஆறு பேருக்கு ஓர் ஊழியர் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. மறதி முற்றியவர்கள் என்றால் நான்கு பேருக்கு ஒருவராவது வேண்டும். கணக்கில் சமையல்காரரையும் ஓட்டுநரையும் சேர்த்துச் சொல்வார்கள், உஷார். ஆட்கள் அடிக்கடி மாறுகிறார்களா என்று அங்கே வருகிற ஏதாவது ஒரு குடும்பத்திடம் விசாரியுங்கள்.

கேள்வி: மாமனார் ஓய்வுபெற்ற ஆசிரியர். “நான் என்ன குழந்தையா?” என்கிறார்.

நியாயமான கோபம்தானே! சில மையங்களில் பெரியவர்களிடம் மழலையில் பேசுவதைக் கேட்டால் எனக்கே எரிச்சல் வரும். அவருக்கு அங்கே ஒரு வேலை இருக்கிறதா என்று பாருங்கள். செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது, கணக்குப் புதிர் போடுவது, எதுவானாலும் சரி. வாரம் இரண்டு நாள், அரை நாளாகத் தொடங்குங்கள். முதல் வாரத்து எதிர்ப்பைப் பார்த்து நிறுத்திவிடாதீர்கள், ஒரு மாதமாவது பாருங்கள். ஆனால் ஏமாற்றிக் கூட்டிப் போகாதீர்கள். அடுத்த தடவை வண்டியில் ஏறவே மாட்டார்.

கேள்வி: மகனுக்கு 24 வயது, அறிவுசார் குறைபாடு, பேச்சு வராது. பக்கத்தில் இருப்பது முதியோர் பகல் மையம்தான். சேர்க்கலாமா?

வேறு வழியே இல்லாவிட்டால் மட்டும். 24 வயதுக்கு வெளியே போகவும், புதிதாகக் கற்கவும், சின்ன வேலை பழகவும் வேண்டும். அங்கே அவன் நாள் முழுக்க டிவி முன்னால் உட்கார நேரிடும். எங்கே சேர்த்தாலும் அவனுக்கென்று தனித் திட்டம் எழுத்தில் இருக்கிறதா, சில மாதத்துக்கு ஒருமுறை உங்களோடு உட்கார்ந்து அதைப் பார்ப்பார்களா என்று கேளுங்கள். பேச்சு வராதவன் புகார் சொல்ல முடியாது. திடீரென்று போக மறுப்பது, உடம்பில் தழும்பு, தூக்கம் கெடுவது எல்லாம் அவன் பேச்சுதான். முன்னறிவிப்பில்லாமல் நீங்கள் வந்து பார்க்க அனுமதிக்காத மையம் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: மையத்து வண்டியிலேயே அனுப்பலாமா?

அனுப்பலாம், மொத்தப் பயண நேரத்தைக் கேட்டபின். முதல் ஆளாக ஏறி ஒன்றரை மணி நேரம் சுற்றுகிறவர் மையத்துக்கு வரும்போதே களைத்திருப்பார். சக்கர நாற்காலியை வண்டியின் தரையோடு பட்டை போட்டுக் கட்டுகிறார்களா என்று கண்ணால் பாருங்கள்.

கேள்வி: அம்மாவை அனுப்பிவிட்டு நான் படுத்துத் தூங்குகிறேன். குற்றவுணர்ச்சியாக இருக்கிறது அக்கா.

தூங்குங்கள். ராத்திரி மூன்று தடவை எழுந்தவர் தூங்காமல் என்ன செய்வார்? நோயாளியைக் கவனிப்பவருக்கு ஓய்வு தருவதும் இந்த மையங்களின் வேலைதான். அந்த நேரத்தில் துணி துவைக்க மட்டும் போகாதீர்கள்.

கேள்வி: எந்தக் கட்டத்தில் மையத்தார் “இனி எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது” என்பார்கள்?

அதைச் சேரும் நாளிலேயே கேட்டு எழுத்தில் வாங்குங்கள். எழுந்து நிற்க இரண்டு ஆள் தேவைப்பட்டால், அடிக்க ஆரம்பித்தால் என்று மையத்துக்கு மையம் எல்லை வேறு. எத்தனை நாள் முன்னால் சொல்வார்கள், வராத நாளுக்குக் கட்டணம் உண்டா என்பதும் அதே தாளில் இருக்கட்டும். நான் வேலை பார்த்த ஒரு மையம் ஒரு குடும்பத்திடம் வெள்ளிக்கிழமை மாலை சொன்னது, திங்கள் முதல் வரவேண்டாம் என்று. அந்த மகள் வாசலில் நின்ற நிற்பு எனக்கு இன்னும் மறக்கவில்லை.